மேலுக்குப் பவுசு, உள்ளுக்குள்ள பொத்தல்: பழைய வண்டி சைலன்சருக்குக் காசு போடுறதுக்கு முன்னாடி

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான்னு இந்தப் பக்கம் பூட்டிக் கெடக்குற பெரிய வீட்டைத் திறந்தா பாதி வீட்டுல பின்கட்டுலயோ கார் ஷெட்லயோ ஒரு பழைய பைக் நிக்கும், புல்லட்டோ எஸ்டியோ ராஜ்தூத்தோ, "எங்க அப்பச்சி ஓட்டுனது, விக்க மனசு வரல"ம்பாங்க. ஆளுங்க சென்னையிலயும் சிங்கப்பூர்லயும் இருக்காங்க, கல்யாணம், முன்னோருக்குச் செய்யுற படைப்பு, கோயில் காரியம்னு ஊருக்கு வரும்போதுதான் வண்டி ஞாபகம் வரும், பட்டறைக்குத் தள்ளிட்டு வந்ததும் முதக் கேள்வி, "அண்ணே, சைலன்சருக்குக் குரோம் போட எவ்வளவு ஆகும்?"

நான் திருப்பிக் கேக்குறது வேற. வண்டிய யாராச்சும் அப்பப்ப ஸ்டார்ட் பண்ணி வச்சாங்களா? ஆமான்னு பெருமையாச் சொல்வாங்க, வாரா வாரம் வாட்ச்மேன் அஞ்சு நிமிஷம் ஓடவிட்டு ஆஃப் பண்ணிருவாருன்னு. அந்த அஞ்சு நிமிஷம்தாங்க சைலன்சரைத் தின்னுது.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிஞ்சா ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணி உண்டாகும், நம்ப மாட்டீங்க ஆனா கணக்கு அதுதான். வண்டி நல்லா சூடேறி ஓடுனா அது ஆவியா வெளிய போயிரும். அஞ்சு நிமிஷத்துல எஞ்சின்லருந்து வளைஞ்சு வர்ற பெண்ட் பைப்பு சூடாகும், பின்னாடி டப்பா சூடாகாது, அதனால ஆவியெல்லாம் அங்கேயே தண்ணியா நின்னு, எரிஞ்ச புகையில இருக்கிற அமிலத்தோட கலந்து, கரிக்குள்ள ஊறி அடியில தங்கிரும். பல சைலன்சர்ல இதுக்குன்னே அடியில ஒரு சின்ன ஓட்டை கம்பெனியிலயே வச்சிருப்பான். அத கரி அடைச்சிரும், இல்லாட்டி வெல்டிங்காரரு "ஓட்டை விழுந்திருச்சு"ன்னு நெனச்சு அடைச்சு விட்டுருப்பாரு, ரெண்டாவதுதான் நான் அதிகமாப் பாக்குறது.

குரோம்ங்கறது நீங்க நெனைக்கிற மாதிரி கனமான தகடு இல்ல. இரும்பு மேல செம்பு, அதுக்கு மேல நிக்கல், கடைசியா மேலாக்க குரோம், அதோட கனம் பெரும்பாலும் அரை மைக்ரானுக்குள்ளதான் (மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்), பளபளப்புக்கும் தேய்மானத்துக்கும் மட்டும்தான் அது. துருவைத் தடுக்குறது அடியில இருக்கிற நிக்கல். நிக்கல் இருபது முப்பது மைக்ரான் இருந்தா வருஷக்கணக்குல நிக்கும், காசு மிச்சம் பண்ண நிக்கலை ரெண்டு நிமிஷம் காட்டிட்டு எடுத்துட்டா ஐப்பசி மழை ஒண்ணு பாத்ததுமே பொட்டுப் பொட்டாக் கிளம்பும். பிளேட்டிங் பட்டறையில கேக்க வேண்டிய கேள்வி "எவ்வளவு பளபளப்பா இருக்கும்" இல்ல, "நிக்கல் எவ்வளவு போடுவீங்க"ன்னுதான்.

சரி, அதுக்கும் முன்னாடி குழாய் உசுரோட இருக்கான்னு பாக்கணும். கழட்டி ஸ்க்ரூ டிரைவர் பிடியால நீளத்துக்கும் தட்டிக்கிட்டே வாங்க, நல்ல தகடு கணீர்னு கேக்கும், செத்த இடம் சொத்துன்னு கேக்கும். அடிப்பக்கம், ஓரத் தையல், பிராக்கெட் வெல்டு ஆன இடம், பெண்ட் பைப்பும் டப்பாவும் சேர்ற இடம் இந்த நாலையும் ஒரு கூரான ஊசியால நல்லா அழுத்திப் பாருங்க. தேவகோட்டைப் பக்கம் ஒரு வீட்டுத் தம்பி எஸ்டி ரோட்கிங் கொண்டாந்தாரு, ரெண்டு சைலன்சரும் மேல பாத்தா அங்கங்க லேசான துருதான், வலது பக்கத்தைக் கவுத்துப் போட்டு பிராக்கெட் ஓரத்துல ஊசிய வச்சேன், அழுத்தக்கூட இல்ல, பொசுக்குன்னு உள்ள போயிருச்சு, எடுத்ததும் அந்த ஓட்டை வழியா கறுப்பு எண்ணெயும் காவிப் பொடியுமா ஒழுகுது. தம்பி முகம் சுருங்கிப் போச்சு. அந்தப் பைப்புக்கு எந்த ஊருல எவ்வளவு காசு குடுத்துக் குரோம் போட்டும் பிரயோஜனம் இல்ல, ஏன்னா முலாம் வெளிய மட்டும்தான் ஏறும், தொட்டியில கரண்ட்டு குழாய்க்குள்ள போய்ச் சேராது, உள்ள இருக்கிற துரு அது பாட்டுக்குத் தின்னுக்கிட்டேதான் இருக்கும்.

இடது பக்கம் தப்பிச்சிருச்சு, தகடு திடமா இருந்துச்சு. அதுக்கு நாங்க செஞ்சது ரொம்பச் சாதாரணம், சாப்பாடு மடிக்கிற அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணியில நனைச்சு மெதுவாத் தேய்க்கிறது, அலுமினியம் குரோமைவிட மிருதுவானது, கீறாது, துருப் பொட்டு கரைஞ்சு சாம்பக் கலர்ல வழியும். அப்புறம் நல்லாக் கழுவி, வெயில்ல காய வச்சு, மெழுகு பாலிஷ். குழி விழுந்த இடம் குழியாத்தான் இருக்கும், அதுக்கு வருத்தப்படாதீங்க. எமரி பேப்பர், செங்கல் பொடி, சாம்பல் எதுவும் வேண்டாம், ஒரு ஆச்சி பித்தளைக் குண்டான் விளக்குற மாதிரி புளியும் சாம்பலும் போட்டு வேலையாள வச்சுத் தேய்க்க வச்சிருந்தாங்க, புளி பரவாயில்ல, சாம்பல்தான் அந்தக் குரோமை மங்க அடிச்சிருச்சு.

பாத்ரூம் ஆசிட் மட்டும் கிட்டவே கொண்டு வராதீங்க. அதுல இருக்கிறது ஹைட்ரோகுளோரிக் அமிலம், பிளேட்டிங் பட்டறையில பழைய குரோமை உரிச்சு எடுக்கவே அதைத்தான் வச்சிருக்காங்க. ஊத்துன நிமிஷம் துரு போய் வெள்ளையாத் தெரியும், ரெண்டு நாள்ல இருந்ததவிட மோசமாத் துரு ஏறும், அதோட புகை பக்கத்துல நிக்கிற நல்ல சாமானையும் சேத்துத் துருவாக்கும். இதுல எனக்கு ஒரு வேடிக்கை, அழகப்ப செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூவாயும் குடுத்து, 1948ல நேரு அடிக்கல் நாட்டி, 1953ல திறந்த சிக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், நம்ம காரைக்குடியிலதான் இருக்கு, துருவும் முலாமும் அங்க பெரிய ஆராய்ச்சி, அந்த ஊர்ல உக்காந்துக்கிட்டுத்தான் நாம ஆசிட்ட ஊத்தித் தேய்க்கிறோம்.

வீட்டுலயே குரோம் போடுற வீடியோ பாத்துட்டு வர்ற பசங்களுக்கும் சேத்துச் சொல்லிடுறேன். அந்தத் தொட்டியில இருக்கிறது குரோமிக் அமிலம், ஆறு இணைதிறன் குரோமியம், புகை மூச்சுல போனா நுரையீரல் புற்றுநோய் வரைக்கும் கொண்டு போகும். மிச்சத்தை எங்க கொட்டுவீங்க? ராணிப்பேட்டையில மூடிப்போன ஒரு தொழிற்சாலையோட குரோமியக் கழிவு நிலத்தடித் தண்ணியக் கெடுத்து வருஷக்கணக்குல மக்கள் படுற பாடு எல்லாருக்கும் தெரியும். நம்ம பக்கம் ஊரணித் தண்ணிய நம்பி இன்னும் எத்தனையோ ஊரு இருக்கு.

உண்மையான பிளேட்டிங் பட்டறைக்கே அனுப்புறதா இருந்தாலும், ஓடுன சைலன்சரை நிறையப் பேர் வாங்க மாட்டாங்க. உள்ள இருக்கிற கரியும் எண்ணெயும் அவங்க தொட்டியக் கெடுத்துரும், அது நியாயம்தான். வாங்குனாலும் பேஃபிளுக்கு (உள்ள சத்தத்தை அடக்குற தடுப்புத் தகடு) பின்னாடி போன அமிலம் முழுசா வெளிய வராது, ஒரு கஸ்டமர் வெளியூர்ல குடுத்துக் கண்ணாடி மாதிரி வாங்கிட்டு வந்த பைப்பு, வண்டி சூடானதும் தையல் ஓரமாப் பச்சையாக் கசிஞ்சுச்சு. அதனால என் பழக்கம், பெண்ட் பைப்ப மட்டும் குரோமுக்கு அனுப்புவேன், டப்பாவ முடிஞ்சவரைக்கும் பழசையே காப்பாத்தப் பாப்பேன், முடியலன்னா புதுசு செய்யச் சொல்லிருவேன்.

புதுசு செய்யும்போது ரெண்டு இடத்துல ஏமாறுவாங்க. ஒண்ணு, பிளம்பிங் ஜிஐ பைப்பு. அதுல இருக்கிற துத்தநாகம் வெல்டிங் சூட்டுல வெள்ளைப் புகையாக் கிளம்பும், சாயங்காலம் வெல்டருக்குக் குளிர் காய்ச்சல் கண்டுரும், "தண்ணி மாறிருச்சு"ன்னு நெனச்சுப் படுத்துக்குவாரு. சாதாரண இரும்புக் குழாய் எடுத்து நிக்கல் குரோம் போடுங்க, இல்ல 304 ஸ்டெயின்லெஸ் எடுத்துருங்க, சூட்டுல பொன் கலர் அடிக்கும், துரு அவ்வளவு சீக்கிரம் வராது. ரெண்டு, அளவு. எஸ்டி, ஆர்எக்ஸ் 100 மாதிரி டூ ஸ்ட்ரோக் வண்டியில சைலன்சரோட நீளமும் உள் வடிவமும் எஞ்சினோட ஒரு பாகம் மாதிரி, கண்ணளவுல குறைச்சுச் செஞ்சா இழுவை போயிரும். பழசை எவ்வளவு ஓட்டையா இருந்தாலும் தூக்கிப் போடாதீங்க, அதுதான் அளவு. மணல் அடைச்சுச் சூடு பண்ணிப் பைப்பு வளைக்கிறவங்க, மணலை வறுத்து எடுத்துட்டு அடைங்க, ஈரம் இருந்தா ஆவி அடச்சு அடைப்பு தெறிச்சு மூஞ்சியில வரும். பேஃபிள் இல்லாம "சவுண்டு நல்லா இருக்கும்"னு கேக்குறவங்களுக்கு நான் செஞ்சு குடுக்குறதில்ல, மோட்டார் வாகனச் சட்டம் 190(2)ல 10,000 ரூவா வரைக்கும் அபராதம் இருக்கு, லைசென்சும் மூணு மாசம் போயிரும்.

புதுக் குரோம் ஒரு மாசத்துல நீலம் பாஞ்சா பிளேட்டிங்காரர்கிட்ட சண்டைக்குப் போகாதீங்க, பெரும்பாலும் டைமிங், அதாவது பிளக்கு பொறி விடுற நேரம், பின்னாடி இருக்கும், இல்ல பெட்ரோல் குறைவாப் போகும், பெண்ட் பைப்பு வாயில காத்து இழுக்குதான்னும் பாருங்க.

கடைசியா அந்த வாட்ச்மேன் விஷயம். சைலன்சர் பொத்தலான வண்டிய மூடுன ஷெட்ல ஓடவிடுறது உசுருக்கே ஆபத்து, கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் இல்ல கண்ணுலயும் படாது, தலைவலின்னு உக்காந்தவரு எந்திரிக்காமப் போயிரலாம். வெளிய தள்ளிட்டுப் போய் ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்க, பண்ணுனா அரை மணி நேரமாச்சும் ரோட்டுல ஓட்டச் சொல்லுங்க, லைசென்ஸ் உள்ள ஆளா இருக்கணும். ஓட்ட ஆள் இல்லன்னா ஸ்டார்ட்டே பண்ண வேண்டாம், நீங்க ஊருலருந்து கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு தடவை சூடா ஓட்டி நிப்பாட்டி, ஆறுனதும் எண்ணெய்த் துணிய சைலன்சர் வாயில அடைச்சு, அடி ஓட்டையில கம்பி விட்டுக் குத்தி, சாக்கு போடாம பருத்தித் துணி போத்தி விட்டுருங்க. துணி அடைச்சிருக்குன்னு ஒரு சீட்டு எழுதி ஹேண்டில்பார்ல கட்டிருங்க, அடுத்து ஸ்டார்ட் பண்றவருக்குத் தெரியணும்ல.