விருது பெற்ற சீன உணவகம்: பில் எங்கே ஏறுகிறது, கறிச்சாறு எங்கே ஒளிந்திருக்கிறது

குவாங்சோவில் ஆண்டுக்கு இருமுறை நடக்கும் கேன்டன் கண்காட்சிக்குச் சரக்குப் பார்க்கப் போகிற நம் ஊர்க்காரர்கள் உண்டு. வேலை முடிந்ததும், கூடவே அலைந்த சப்ளையரை ஒரு நல்ல இடத்துக்குக் கூட்டிப்போய்ச் சாப்பாடு போட வேண்டும் என்று தோன்றும். கைபேசியில் தேடினால் நட்சத்திரம், வைரம், முதல் ஐம்பது என்று வரிசையாக வரும். ஏதோ ஒன்றைப் பதிவு செய்து உட்கார்ந்தபின் பெரும்பாலும் சறுக்குவது மூன்று இடங்களில்: எடை, தலைக்கணக்கு, சூப்பு. மற்றதெல்லாம் சில்லறை.

முதலில் அந்த விருதுகளையே கொஞ்சம் பார்த்துவிடலாம். நட்சத்திரம் தருவது மிஷலின் என்ற உணவகக் கையேடு. அது ஹாங்காங், மக்காவுக்கு 2009 பதிப்பிலேயே வந்துவிட்டது. அதில்தான் ஹாங்காங்கின் லுங் கிங் ஹீன், சீன உணவகங்களிலேயே முதலாவதாக மூன்று நட்சத்திரம் வாங்கியது. ஷாங்காய்க்கு 2016, குவாங்சோவுக்கு 2018, பெய்ஜிங்குக்கு 2019, செங்டுவுக்கு 2021 என்று கையேடு பிறகு ஒவ்வொரு ஊராக நுழைந்தது. நட்சத்திரம் தட்டில் இருப்பதற்கு மட்டும். நாற்காலிக்கும் விளக்குக்கும் பரிமாறுகிறவரின் புன்னகைக்கும் அதில் பங்கில்லை. அதனால்தான் திம்சம் எனும் சிறு பலகாரங்களை மலிவு விலையில் விற்கும் டிம் ஹோ வான் கடைகூட 2010 பதிப்பில் ஒரு நட்சத்திரம் வாங்க முடிந்தது. நட்சத்திரம் என்றாலே விலை அதிகம் என்று பயப்படவும் வேண்டாம், மெத்தை நாற்காலியை எதிர்பார்க்கவும் வேண்டாம்.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. நட்சத்திரம் கடைப் பெயருக்குக் கிடையாது, முகவரிக்குத்தான். ஷின் ரோங் ஜி என்ற நிறுவனம் 1995இல் ஜெஜியாங் மாகாணத்தின் லின்ஹாயில் தொடங்கியது. தைசோ கடற்கரைச் சமையல், குறிப்பாக மஞ்சள் குரோக்கர் மீன், அதன் பலம். பெய்ஜிங்கின் முதல் பதிப்பில் அந்த நிறுவனத்தின் ஷின்யுவான் தெற்குச் சாலைக் கிளைக்கு மட்டுமே மூன்று நட்சத்திரம் கிடைத்தது. டாக்சிக்காரரிடம் கடைப் பெயரை மட்டும் சொன்னால் வேறொரு கிளையின் வாசலில் இறங்க நேரும். தெருப் பெயரோடு முகவரியைச் சீன எழுத்தில் கையில் வைத்திருங்கள்.

வைரம் என்று பார்ப்பது சீனாவின் உணவு டெலிவரி நிறுவனமான மெய்துவான் 2018இல் தொடங்கிய பிளாக் பேர்ல் பட்டியல். ஒரு வைரம் நண்பர்களும் குடும்பமும் கூடிச் சாப்பிட ஏற்ற இடம், இரண்டு வைரம் ஆண்டுவிழா போன்ற நாட்களுக்கு, மூன்று வைரம் வாழ்நாளில் ஒருமுறையாவது போக வேண்டிய இடம் என்று அவர்களே பிரித்திருக்கிறார்கள். விருந்தினர் சீனர் என்றால் இந்தப் பட்டியலைப் பார்த்து இடம் பிடிப்பதே மேல் என்பது எங்கள் அபிப்பிராயம். அவர் நாக்குக்குப் பழகிய ருசியை எடைபோட்ட பட்டியல் அது. ஆசியாவின் முதல் ஐம்பது என்பது வாக்கெடுப்பு; 2021இல் அதில் முதலிடம் ஹாங்காங்கின் தி சேர்மனுக்கு. பழைய ஷாவோஷிங் அரிசி மதுவும் கோழிக் கொழுப்பும் விட்டு ஆவியில் வேகவைத்த நண்டு, அடியில் பட்டையான அரிசி நூடுல்ஸ். அந்த ஒரு தட்டுக்காகவே ஆட்கள் விமானம் ஏறுகிறார்கள்.

எந்தப் பட்டியலானாலும் தேதியைப் பாருங்கள். ஷாங்காயில் ஒரே மேசை, பத்தே இருக்கை, இருபது வகை உணவு என்று 2012இலிருந்து நடந்த அல்ட்ராவயலெட் 2025 மார்ச்சில் மூடப்பட்டது. பழைய பயணக் கட்டுரைகளில் அது இன்னும் திறந்தேதான் இருக்கிறது.

இனி எடை. சீனப் பெருநிலத்தில் ஒரு ஜின் என்பது 500 கிராம்; அதில் பத்து லியாங், ஆக ஒரு லியாங் 50 கிராம். ஹாங்காங்கிலும் மக்காவிலும் அதே எழுத்தால் குறிக்கும் காட்டி 604.8 கிராம்; அதைப் பதினாறாகப் பிரிப்பார்கள், ஒரு பங்கு 37.8 கிராம். உயிர் மீன், நண்டு, சிங்கி இறால் எல்லாம் இந்தக் கணக்கில்தான் விற்பனை. பட்டியலில் விலைக்குப் பதில் 'அன்றைய விலை' என்று மட்டும் போட்டிருக்கும். கேட்டால் '98' என்பார்கள். நாம் ஒரு மீனுக்கு 98 யுவான் என்றோ, ஒரு ஜின்னுக்கு 98 என்றோ நினைத்துத் தலையாட்டுவோம். உயர்ரகக் களவா மீனுக்கு அது ஒரு லியாங்கின் விலையாக இருக்கலாம். 800 கிராம் மீன் என்றால் 16 லியாங். 98 யுவான் வீதம் 1,568 யுவான். ஜின் கணக்கில் மனதில் போட்டு வைத்தது 157 யுவான். கடைக்காரர் ஏமாற்றவில்லை, நாம் அலகைக் கேட்கவில்லை.

கேட்க வேண்டியது மூன்று: விலை எந்த அலகுக்கு, மீன் எத்தனை லியாங், மொத்தம் எவ்வளவு. மூன்றையும் கால்குலேட்டரில் தட்டிக் காட்டச் சொல்லுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். நல்ல கடையில் மீனை வாளியிலோ பையிலோ மேசைக்குக் கொண்டுவந்து காட்டுவார்கள். அது துடிக்கிறதா என்று பார்ப்பதோடு, எடை போடும்முன் தண்ணீரை வடித்தார்களா என்றும் கேளுங்கள். எடை உயிரோடு போடுவது. செதில், செவுள், குடல் போகத்தான் தட்டுக்கு வரும். ஆவியில் வைக்க 600 முதல் 700 கிராம் மீன் போதும். அதைவிடப் பெரிதானால் நடுமுள் வேகும்முன் மேல்சதை வறண்டுவிடும்.

தலைக்கணக்குக்கு வருவோம். பட்டியலில் சில விலைகள் தட்டுக்கு, சில ஆளுக்கு. கடல் அட்டை, அபலோனி எனப்படும் கடல் நத்தைக் கறி, பறவைக்கூட்டுச் சூப்பு, மண்சட்டியில் தனித்தனியாக வரும் சாறு எல்லாம் பெரும்பாலும் ஆளுக்கு. 128 யுவான் என்று பார்த்து 'ஒன்று' என்று சொன்னாலும், எட்டுப் பேர் மேசையில் எட்டுக் கிண்ணம் வந்து 1,024 யுவான் ஆகிவிடும். கேன்டனீஸ், அதாவது குவாங்சோ வட்டாரச் சமையல் கடைகளில் தேநீருக்கும் ஆளுக்கு ஒரு கட்டணம் உண்டு. வேண்டுமா என்று கேட்காமலே ஊற்றுவார்கள். ஹாங்காங்கில் சேவைக் கட்டணம் 10 சதவீதம். பெருநிலத்தில் பெரிய ஹோட்டல்களுக்குள் இருக்கும் உணவகங்களில் சேவைக் கட்டணமும் வரியுமாகப் பதினைந்து சதவீதத்துக்கு மேலேயே போகும். அதற்கு மேல் டிப்ஸ் வைக்கும் வழக்கம் பெருநிலத்தில் இல்லை.

உலர்ந்த நத்தைக் கறியில் 'தலை' என்ற சொல்லுக்கு வேறு பொருள். ஒரு காட்டி எடைக்கு எத்தனை நத்தை நிற்கும் என்பதே அந்த எண். 'இருபது தலை' என்றால் சிறியது, 'மூன்று தலை' என்றால் கையளவு பெரியது. எண் குறையக் குறைய விலை மலையேறும். சின்ன எண்தானே, மலிவாக இருக்கும் என்று கைவைத்தவர்கள் பில் வரும்போது முழிப்பார்கள்.

சைவர்களுக்குச் சூப்புதான் பெரிய ஆபத்து. மேசையில் ஒரு வெள்ளைக் கிண்ணம் வருகிறது. உள்ளே வெறும் வெந்நீர் மாதிரி தெளிவாக ஏதோ ஒன்று, நடுவில் சீன முட்டைக்கோஸின் இளம் மஞ்சள் குருத்து. பெயரும் 'வெந்நீர் முட்டைக்கோஸ்'. மிளகாய் இல்லை, எண்ணெய் மினுமினுப்பு இல்லை. மொத்த விருந்தில் இதுதான் சுத்த சைவம் என்று கைவைக்கத் தோன்றும். அந்த மேசையிலேயே அதிகக் கறி இறங்கிய கிண்ணம் அதுதான்.

அது சிச்சுவான் உயர்சமையலின் பெருமை. கிழட்டுப் பெட்டைக்கோழி, வாத்து, பன்றி விலா, உப்பிட்டு உலர்த்திய பன்றித்தொடை, காய்ந்த ஸ்காலப் சிப்பி எல்லாவற்றையும் ஒரு கொதி விட்டுக் கழுவி, புதுத் தண்ணீரில் நாலு மணி நேரத்துக்கும் மேல் சின்னத் தீயில் வைப்பார்கள். மேலே மிதக்கும் கொழுப்பை அள்ளிவிட்டால் மிஞ்சுவது மங்கலான சாறு. அதைத் தெளியவைப்பதில்தான் கைவேலை. கொழுப்பில்லாத பன்றிக்கறியைக் கூழாகக் கொத்திக் குளிர்ந்த நீரில் கரைத்து, சற்று ஆறிய சாற்றில் ஊற்றி ஒரே திசையில் கிண்டி, மெல்லச் சூடேற்றுவார்கள். கறியின் புரதம் உறையும்போது சாற்றில் திரியும் நுண்துகளையெல்லாம் வலைபோல் பிடித்துக்கொண்டு அடையாக மேலே மிதக்கும். அதை எடுத்துவிட்டு, கோழி நெஞ்சுக்கறிக் கூழால் இன்னொருமுறை. முதல் கூழுக்குச் 'சிவப்பு', அடுத்ததற்கு 'வெள்ளை' என்று பெயர். தீ கொஞ்சம் தூக்கலாகிக் கொதித்துவிட்டால் அடை உடைந்து துகளும் கொழுப்பும் சாற்றோடு கலந்துவிடும். அப்புறம் முதலிலிருந்து தெளியவைக்க வேண்டியதுதான். நம் ரசத்தில் தெளிவு என்பது தானாக மண்டி இறங்குவது. இங்கே கறியை வைத்தே கறியின் தடயத்தை அழிக்கிறார்கள்.

இதுபோல இன்னும் சில. 'மேற்சாறு' என்று பெயரில் வரும் கீரை பெரும்பாலும் கோழி, பன்றித்தொடைச் சாற்றில் வெந்தது. வறுத்த பீன்ஸில் பன்றிக் கொத்துக்கறி தூவியிருக்கும். மாப்போ தோஃபுவில் மாட்டுக் கொத்துக்கறி வழக்கம். 'மீன் மணக் கத்தரிக்காய்' மட்டும் வேடிக்கை: மீனே கிடையாது, மீன் சமைக்கப் போடும் ஊறிய மிளகாய், இஞ்சி, பூண்டின் மணம் என்பதால் அந்தப் பெயர். ஆனால் கொத்துக்கறி இருக்கலாம். 'கறி வேண்டாம்' என்று சொன்னால் துண்டுகளை எடுத்துவிடுவார்கள். சாறும் பன்றிக்கொழுப்பும் சிப்பி சாஸும் அப்படியே இருக்கும். கறிச்சாறு, பன்றிக்கொழுப்பு, காய்ந்த இறால், சிப்பி சாஸ், முட்டை என ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சீன எழுத்தில் அடித்து, பதிவு செய்யும்போதே அனுப்புங்கள். மேசையில் உட்கார்ந்தபின் சொன்னால் சமையலறையில் அதற்கென்று வேறு சாறு இருக்காது.

கலப்புக் கடையில் கெஞ்சுவதைவிட, சைவத்துக்கென்றே நட்சத்திரம் வாங்கிய இடங்களுக்குப் போவது நல்லது. பெய்ஜிங்கில் லாமா கோயிலை ஒட்டிய கிங்ஸ் ஜாய் 2021 பதிப்பில் மூன்று நட்சத்திரம் பெற்றது. ஷாங்காயில் ஃபூ ஹ ஹுய் இருக்கிறது. காளானும் தோஃபுவும் பருவக் காய்களுமே இவர்களின் சரக்கு. சீனப் பௌத்த சைவத்தில் பூண்டும் வெங்காய வகைகளும் விலக்கு. விலக்கிய ஐந்தில் ஒன்று 'ஷிங்சூ', அதாவது வடமொழியின் ஹிங்கு, நம் பெருங்காயம். சாம்பாரில் பெருங்காயம் போடுகிற நாம் அவர்கள் பார்வையில் கொஞ்சம் பிசகியவர்கள்தான். பாலும் முட்டையும் கடைக்குக் கடை மாறும், கேட்டுக்கொள்ளுங்கள்.

ஹலால் பார்ப்பவர்களுக்கு ஒரு வரி: 'பன்றி இல்லை' என்ற பதில் போதாது. மீனையும் நண்டையும் ஆவியில் வைக்கும்போதே அரிசி மது ஊற்றுவது அங்கே பொதுவழக்கம்.

அசைவம் சாப்பிடுகிறவர்கள் தட்டைத் திருப்பி அனுப்புவது பெரும்பாலும் வேக்காட்டுக்காக. கேன்டனீஸ் வெண்கோழியைக் கொதிக்காத சூட்டில் வேகவைத்து உடனே ஐஸ் தண்ணீரில் போடுவார்கள். தோலுக்கடியில் சாறு ஜெல்லியாக உறையும். எலும்பை வெட்டிய இடத்தில் மஜ்ஜை சிவப்பாகத் தெரியும். சமையல்காரர் வேண்டுமென்றே அந்த இடத்தில் நிறுத்தியிருக்கிறார். ஆவி மீனில் நடுமுள்ளை ஒட்டிய சதை லேசாகக் கண்ணாடிபோல் இருப்பதும் அப்படியே. 'இன்னும் வேகவையுங்கள்' என்று அனுப்பினால் நார்தான் திரும்பி வரும். கர்ப்பிணிகளும் சிறு பிள்ளைகளும் அந்தக் கோழித் தட்டை விட்டுவிடட்டும்.

இருக்கையில் ஒரு விஷயம் போதும். காசு கொடுக்கப்போவது நீங்கள் என்றால் வாசலைப் பார்த்த இருக்கை உங்களுக்கு, முக்கிய விருந்தினர் உங்கள் வலப்பக்கம். கடைசித் தட்டு வரும்முன்பே நைசாக எழுந்துபோய்ப் பணத்தைக் கட்டிவிடுங்கள். தாமதித்தால் விருந்தினர் 'கைகழுவ' எழுந்துபோய்க் கட்டிவிடுவார்.

கட்டுவதற்கு அங்குள்ள கைபேசிப் பணச்செயலிகளான அலிபேயிலோ வீசாட்டிலோ விசா, மாஸ்டர்கார்டு இணைக்கலாம். அலிபேயில் வெளிநாட்டு அட்டைக்கு 200 யுவானுக்கு மேற்பட்ட தொகைக்கு 3 சதவீதக் கட்டணம். நம் வங்கி அட்டைகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை முடக்கி இருந்தால் கல்லாவில் நின்று தலையைச் சொறிய வேண்டிவரும். ஊரிலேயே திறந்துவிட்டு, கடவுச்சீட்டுச் சரிபார்ப்பையும் முடித்துவிடுங்கள். ஓடிபி வர ரோமிங் வேண்டும். நேரமும் முக்கியம்: இரவுச் சாப்பாடு ஐந்தரைக்கே தொடங்கிவிடும், எட்டரை வாக்கில் பல சமையலறைகள் ஆர்டரை நிறுத்திவிடும். ஒன்பது மணிக்குச் சாவகாசமாக வரும் நம் வழக்கம் அங்கே செல்லாது.

எவ்வளவு சொல்வது? 2020இல் வூஹானில் உணவகச் சங்கம் முன்வைத்த கணக்கு எளிது: வந்த தலைகளில் ஒன்றைக் கழித்து அத்தனை தட்டு. 2021 ஏப்ரலில் வந்த உணவு விரயத் தடுப்புச் சட்டப்படி, அளவுக்கு மீறிச் சொல்லவைக்கும் கடைக்கு அபராதமே உண்டு. மிஞ்சியதைக் கட்டிக் கேட்கக் கூச்சம் வேண்டாம். 'டாபாவ்' என்றால் போதும். மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர்கள் 'தபாவ்' என்பது இந்தச் சொல்லைத்தான். பெய்ஜிங் வறுத்த வாத்து சொல்லியிருந்தால் அதன் தோலைக் கட்டாதீர்கள், சதையின் ஆவியில் பத்து நிமிடத்தில் நமுத்துவிடும். சூட்டோடு சர்க்கரையில் தொட்டு அங்கேயே தின்ன வேண்டியது. எலும்புக்கூட்டைச் சூப்பாக்குவதா, உப்பும் மிளகும் போட்டுப் பொரிப்பதா என்று வாத்தைத் துண்டுபோட வண்டி வரும்போதே கேட்பார்கள். பொரிக்கச் சொல்லுங்கள். அது ஹோட்டல் அறைவரை தாங்கும்.