ஆட்ப்ளூ சென்சாரை மாற்றுவதற்கு முன் கப்ளரைக் கழற்றிப் பாருங்கள்

பத்துச் சக்கர லாரி ஒன்று. நாலு மாதத்தில் மூன்று ஆட்ப்ளூ லெவல் சென்சார் மாற்றியாகிவிட்டது. (ஆட்ப்ளூ என்பது டீசல் புகையைச் சுத்தப்படுத்த ஊற்றும் யூரியாக் கரைசல். டாங்கில் அது எவ்வளவு இருக்கிறது என்று சொல்வதுதான் லெவல் சென்சார்.) மூன்றாவதைப் போட்ட பத்தாம் நாள் அதே எச்சரிக்கை விளக்கு, ஸ்கேனரில் அதே கோடு (பிழை எண்), ஏற்றத்தில் இழுவை இல்லை. கப்ளரிலிருந்து (சென்சாரையும் வயரையும் இணைக்கும் சாக்கெட்) நாலு விரற்கடை தள்ளி வயர் உறையைச் சீவிப் பார்த்தால், உள்ளே செம்பு பச்சையாகப் பூத்துப் பொடிப்பொடியாக உதிர்கிறது. வெளியே வயர் புதுசு போலவே இருக்கிறது. கழற்றி வீசிய மூன்று சென்சாரும் நன்றாகத்தான் வேலை செய்கின்றன. பெரிய வண்டிகளில் சென்சாரைப் பெரும்பாலும் ஹெடரோடு (டாங்குக்குள் இறங்கும் குழாய்த் தொகுப்பு) சேர்த்தே விற்பதால் விலை ஐந்து இலக்கத்தில் நிற்கும். ஓனர் அதை மூன்று தடவை கொடுத்திருக்கிறார். இப்படி வரும் வண்டிகள் குறைந்தபாடில்லை.

எல்லாவற்றுக்கும் வேர் ஒரே ஒரு தப்பான நம்பிக்கை: ஸ்கேனரில் ‘லெவல் சென்சார்’ என்று வந்தால் சென்சார் போய்விட்டது என்பது. ஸ்கேனர் அப்படிச் சொல்வதே இல்லை. எஸ்பிஎன் (எந்தப் பகுதி என்று சொல்லும் எண்) 1761 என்றால் ஆட்ப்ளூ டாங்கின் அளவு பற்றிய தகவலில் சிக்கல், அவ்வளவுதான். பக்கத்தில் வரும், எந்த வகைக் கோளாறு என்று சொல்லும் எஃப்எம்ஐ எண்ணைத்தான் படிக்க வேண்டும். 3 என்றால் சிக்னலில் வோல்ட் கூடுதல். மிதவை ஏறி இறங்கி அளவைக் காட்டும் வகையில் பெரும்பாலும் எங்கோ வயர் அறுந்திருக்கிறது. 4 என்றால் வோல்ட் குறைவு, எர்த்தில் ஒட்டியிருக்கலாம். 9 என்றால் சென்சாரிடமிருந்து தகவல் நேரத்துக்கு வரவில்லை. சப்ளை, எர்த், கேன் வயர் (வண்டியின் கணினிகள் பேசிக்கொள்ளும் இரட்டை வயர்) மூன்றையும் பாருங்கள். 1 அல்லது 18 வந்தால் டாங்கில் ஆட்ப்ளூ குறைவு என்று பொருள். முதலில் மூடியைத் திறந்து பாருங்கள். காலி டாங்குக்குப் புது சென்சார் போட்ட கதையும் நடக்கிறது. சின்ன வண்டிகளில் வரும் பி203ஏ முதல் பி203டி வரையிலான கோடுகளுக்கும் இதே கணக்குதான். கோடு காட்டுவது தெருவை. வீட்டை நாம்தான் தேடிப் பிடிக்க வேண்டும்.

ஆட்ப்ளூ ஊர்ந்து போகும் சரக்கு. கப்ளரின் ரப்பர் சீல் கொஞ்சம் தளர்ந்தால் போதும், பின் வழியாக ஏறி வயர் உறைக்குள்ளேயே நடக்கும். தண்ணீர் காய்ந்ததும் வெள்ளை உப்பு நிற்கும். செம்பை அரித்துத் தின்றுவிடும். ஆகவே முதல் வேலை கப்ளரைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்ப்பது. வெள்ளைப் பொடியோ பச்சைப் பூப்போ தெரிந்தால் வெதுவெதுப்பான டிஸ்டில்டு வாட்டரில் கழுவிக் காற்றடித்துக் காய வையுங்கள். வெறும் காண்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே இதற்கு உதவாது. யூரியா உப்பு தண்ணீரில்தான் கரையும். வயரைப் பளபளப்பான செம்பு தெரியும் வரை வெட்டிக்கொண்டே போங்கள். ஒரு அடி போனாலும் பரவாயில்லை. கறுத்த செம்பில் ஜாயிண்ட் போட்டால் அடுத்த மழைக்குள் வண்டி திரும்பி வரும்.

மல்டிமீட்டரை மட்டும் நம்பவும் கூடாது. இருபது இழையில் ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டர் முழு 24 வோல்ட் காட்டும். பேட்டரி சப்ளையில் ஓடும் சென்சார் என்றால், கப்ளரின் சப்ளை பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் நடுவே ஒரு 24 வோல்ட் 21 வாட் பல்பைக் கொடுங்கள். பளிச்சென்று எரிந்தால் வயர் சரி, மங்கினால் அரிப்பு. இந்தச் சோதனையை 5 வோல்ட் வயரிலும் சிக்னல், கேன் வயர்களிலும் தயவுசெய்து செய்யாதீர்கள், ஈசியு (வண்டியின் கணினி) போய்விடும். கேன் வயருக்கு வேறு வழி: பேட்டரியைப் பிரித்துவிட்டு இரண்டு கேன் வயருக்கும் நடுவே ஓம்ஸ் பாருங்கள். 60 வர வேண்டும். 120 வந்தால் ஒரு முனை துண்டாகியிருக்கிறது.

இரண்டு வயர் மிதவை வகையில் இன்னும் சுலபம். கப்ளரைக் கழற்றினால் எஃப்எம்ஐ 3, கப்ளரின் இரண்டு பின்னையும் சேர்த்தால் 4. கோடு இப்படி மாறினால் வயரும் ஈசியுவும் நல்லவை, சென்சார்மேல் சந்தேகப்படலாம். கழற்றிய சென்சாரில் ஓம்மீட்டர் வைத்து மிதவையை மெதுவாக நகர்த்துங்கள். படிப்படியாக மாற வேண்டும். நடுவே ஓரிடத்தில் சட்டென்று ஓப்பன் ஆனால் (இணைப்பு அறுந்தால்) உள்ளே ரீட் சுவிட்ச் (காந்தத்தால் இயங்கும் சிறு சுவிட்ச்) போயிருக்கிறது, மாற்றலாம். மிதவை உப்பில் ஒட்டியிருந்தால் சுரண்டாமல் வெந்நீரில் ஊற வையுங்கள்.

அல்ட்ராசோனிக் வகை ஒலி போய்த் திரும்பும் நேரத்தை வைத்து அளப்பது. நிரப்பிய உடனே நுரை இருந்தால் தப்பாகக் காட்டும். ஒரு மணி நேரம் விட்டுப் பாருங்கள். ஆட்ப்ளூ சூடு தெரியாமல் இதனால் சரியாக அளக்க முடியாது. காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் ஸ்கேனரில் டாங்க் சூடும் கூலண்ட் சூடும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். நம் ஊரில் மைனஸ் 40 டிகிரி காட்டினால் அது குளிர் இல்லை, ஓப்பன் சர்க்யூட். ஊற்றாமலேயே லெவல் ஏறினால் ஹெடருக்குள் போகும் கூலண்ட் பைப் கசிகிறதா என்று பாருங்கள்.

டிரைவர் அண்ணன்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். வண்டியை நிறுத்தியதும் பேட்டரி கட்-ஆஃபைத் திருப்பாதீர்கள். பம்ப் பைப்பிலுள்ள ஆட்ப்ளூவை டாங்குக்கு இழுத்துக்கொள்ள ஓரிரண்டு நிமிடம் வேண்டும். விடாவிட்டால் பைப்பிலேயே உப்பாகிவிடும்.

வயல் யூரியாவைப் போர்த் தண்ணீரில் கரைத்து ஊற்றும் ஓனர்களிடம் கெஞ்சிக் கேட்க வேண்டியிருக்கிறது. மானிய யூரியா 2015 முதல் வேப்பெண்ணெய் பூசித்தான் வருகிறது. அதை வண்டிக்கு ஊற்றுவது சட்டப்படி குற்றம், சென்சாருக்கு விஷம். யூரியா 32.5 சதவீதம், மீதி உப்பு நீக்கிய தண்ணீர், இதுதான் ஆட்ப்ளூ. ஆட்ப்ளூவுக்கான ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு விட்டால் செறிவு சரியா என்று தெரிந்துவிடும். எமுலேட்டர் (எல்லாம் சரி என்று ஈசியுவை ஏமாற்றும் பெட்டி) மாட்டச் சொல்லி யாரும் வராதீர்கள். பிஎஸ்6 வண்டியில் அது புகைக் கட்டுப்பாட்டையே பிடுங்கி எறிவது.

மாற்றியே ஆக வேண்டுமென்றால் ஓ-ரிங் புதுசாகப் போடுங்கள். கிரீஸ் வேண்டாம், டிஸ்டில்டு வாட்டரில் நனைத்தால் போதும். பிறகு டாங்க் பாதியளவில் இருக்கும்போது ஸ்கேனரில் சதவீதத்தைக் குறித்துக்கொண்டு அளந்து 10 லிட்டர் ஊற்றுங்கள். 50 லிட்டர் டாங்கில் ஏறத்தாழ 20 சதவீதம் ஏற வேண்டும். ஏறவில்லையென்றால் வண்டியை வெளியே விடாதீர்கள்.