ஷெர்பா: மலையேற்றத் தொழிலின் பெயரா?

இல்லை, ஓர் இனத்தின் பெயர். திபெத்திய மொழியில் 'ஷர்' என்றால் கிழக்கு. 'பா' என்றால் அந்தப் பக்கத்து ஆள். இரண்டும் சேர்ந்தால் கிழக்கத்தியர். அவர்கள் பேச்சில் அது 'ஷர்வா' என்று ஒலிக்கும். சுமார் 500 ஆண்டுகளுக்கு முன் கிழக்குத் திபெத்தின் காம் பகுதியிலிருந்து வந்து, இன்றைய நேபாளத்தின் சோலுகும்புவில் குடியேறியவர்கள் இவர்கள். உழவும், யாக் மாடு வளர்ப்பும், நாங்பா கணவாய் வழியே திபெத்தோடு வணிகமும்தான் பிழைப்பு. சிகரம் ஏறுவது அவர்களின் பழைய வழக்கமே அல்ல. சிகரம் தெய்வம் குடியிருக்கும் இடம். அதன் தலையில் யார் கால் வைப்பார்கள்? 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டார்ஜிலிங்குக்கு வேலை தேடிப் போனவர்களை வெள்ளைக்காரர்களின் மலையேற்றக் குழுக்கள் அழைத்துக்கொண்டன. அப்புறம்தான் இனப்பெயர் தொழிற்பெயராக மாறத் தொடங்கியது.

அந்த மாற்றம் இன்றும் குழப்பம் தருகிறது. 2014 ஏப்ரலில் எவரெஸ்டின் கும்பு பனியருவியில் பனிச்சரிவு 16 நேபாளத் தொழிலாளர்களைப் பலிகொண்டது. 'ஷெர்பாக்கள் பலி' என்று பொதுவாகச் சொல்லப்பட்டாலும், இறந்தவர்களில் குருங், தமாங் இனத்தவரும் இருந்தார்கள். செத்த பிறகும் ஒருவருக்கு அவர் இனத்தின் பெயர் கிடைக்காமல் போவது வருத்தமான விஷயம்.

அதனால் தமிழில் பிரித்தே எழுதலாம். இனத்துக்கு ஷெர்பா, அது சிறப்புப் பெயர், மொழிபெயர்க்க வேண்டாம். தொழிலுக்கு மலை வழிகாட்டி. மூட்டை சுமப்பவர் சுமைதூக்கி. குழுவை மேய்ப்பவரை மலையில் எல்லாரும் சர்தார் என்கிறார்கள், அதை அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

வழிநடத்தும் யாரையும், குருவைக்கூட, ஷெர்பா என்று உருவகமாகச் சொல்லும் பழக்கமும் இருக்கிறது. அதற்கு என் தேர்வு வழித்துணை. வேலூரை அடுத்த விரிஞ்சிபுரத்தில் சிவனுக்கே வழித்துணைநாதர் என்று பெயர். வழிகாட்டி கையை நீட்டித் திசை சொல்லிவிட்டு நின்றுவிடலாம். வழித்துணை கூடவே நடக்க வேண்டும். ஆனால் நமக்காக அவர் நடந்துவிட முடியாது, நம் கால்தான் ஏற வேண்டும். குருவின் வேலையும் அதுதானே.

மலையில் ஷெர்பாக்களின் வேலை எப்படித் தொடங்குகிறது என்பதைப் பார்த்தால் சொல்லின் கனம் புரியும். ஷெர்பாக்கள் பௌத்தர்கள், பெரும்பாலும் திபெத்திய பௌத்தத்தின் மிகப் பழைய பிரிவான ஞிங்மா மரபினர். எவரெஸ்டை அவர்கள் சோமோலுங்மா என்பார்கள். அங்கே குடியிருப்பவள் மியோலாங்சாங்மா என்னும் தெய்வம். ஏறுவதற்கு முன் அடிவார முகாமில் கற்களை அடுக்கி மேடை கட்டுவார்கள். ஜூனிப்பர் என்னும் நறுமணச் செடியின் தழை புகையும். பனிக்கோடரிகளையும் காலணியில் மாட்டும் இரும்பு முட்களையும் மேடையில் சாத்தி வைக்க, லாமா மந்திரம் ஓதுவார். கடைசியில் வறுத்த பார்லி மாவை ஒருவர் முகத்தில் ஒருவர் பூசிக்கொள்வார்கள். நம் ஆயுதபூஜைக்கு நெருக்கமாகத் தோன்றும், ஆனால் இங்கே கேட்பது அனுமதியும் மன்னிப்பும்: உன்மேல் கால் வைக்கப் போகிறோம், பொறுத்துக்கொள் என்று.

1953 மே 29 அன்று, எவரெஸ்ட் உச்சியை முதலில் எட்டிய இருவரில் ஒருவரான ஷெர்பா டென்சிங் நோர்கே அங்கே செய்ததும் அதன் தொடர்ச்சிதான். இனிப்புகளையும், மகள் நீமா கொடுத்தனுப்பிய சிறு பென்சிலையும் பனியில் புதைத்துக் காணிக்கையாக்கினார். உலகமே வெற்றி என்று கொண்டாடிய இடத்தில் அவர் பக்தராக நின்றார். ஆன்மிகத்தில் நடப்பவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

இன்னொரு வழக்கும் உண்டு. ஜி20 போன்ற உச்சி மாநாடுகளுக்கு முன் தலைவருக்காகப் பேச்சுவார்த்தை நடத்தி வழியைச் செப்பனிடும் அதிகாரியும் ஷெர்பாதான். 2023 டெல்லி மாநாட்டில் இந்தியாவுக்கு அமிதாப் காந்த் அப்படி இருந்தார். அங்கே வழித்துணை பொருந்தாது. தலைவரின் தூதர் என்று எழுதினால் போதும்.