நெல் அறுத்த வயலில் நெருப்பு எதற்கு?

மியன்மாரின் பெகு (பாகோ) வட்டாரத்தில் மழைக்கால நெல் அறுவடை முடிந்ததும் வயலுக்கு வயல் புகை எழுவதைக் காணலாம். அடுத்து உளுந்து விதைக்க நிலம் விரைவில் ஒழிய வேண்டும் என்பதே அதற்குச் சொல்லப்படும் காரணம். வேளாண் ஆலோசனைக்காக நம்மவர்களின் வயல்களில் இறங்கிப் பார்ப்பவன் என்ற முறையில், மண்ணைத் தேற்ற விரும்புவோர் முதலில் நிறுத்த வேண்டியது இந்த நெருப்பைத்தான் என்பேன்.

வைக்கோல் எரியும்போது அதிலுள்ள தழைச்சத்து (நைட்ரஜன்) பெரும்பாலும் காற்றோடு போய்விடுகிறது. நெற்பயிர் மண்ணிலிருந்து எடுக்கும் சாம்பல்சத்தில் (பொட்டாசியம்) பெரும்பங்கு நெல்மணியில் அன்றி வைக்கோலிலேயே தங்குகிறது. எரித்தபின் அது சாம்பலில் எஞ்சினாலும், காற்றும் நீரும் அதில் ஒரு பகுதியைக் கொண்டுபோகின்றன. அதைவிடப் பெரிய இழப்பு ஈரம். இங்கே மழை அக்டோபரோடு ஏறக்குறைய ஓய்ந்துவிடுவதால், உளுந்து மண்ணில் எஞ்சிய ஈரத்தை நம்பியே காய்க்க வேண்டும். மண்ணைப் போர்த்தி அந்த ஈரத்தைக் காக்கக்கூடிய வைக்கோல் மூடாக்கைத்தான் நாம் கொளுத்துகிறோம்.

உழுது புதைத்துவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. வைக்கோலில் கரிமம் மிகுதி, தழைச்சத்து குறைவு. ஆகவே அதை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தையும் இழுத்துக்கொள்ள, இளம்பயிர் வெளுக்கிறது. நீர் தேங்கிய சேற்றில் புதைத்தால் மீத்தேன் வாயுவும் கிளம்பும். புதைக்காமல் மண்ணின் மேலே, முளை எட்டிப்பார்க்கும் அளவுக்கு மெல்லிதாகப் பரப்புவதே நல்லது. அறுவடை இயந்திரம் வரிசையாகக் கொட்டிச் செல்லும் திட்டுகளைக் கலைத்துவிடாவிட்டால், அவற்றின் அடியில் விதை முளைத்தும் மேலே வராது. மிஞ்சியதைச் சாணத்தோடு அடுக்கி மட்கவைக்கலாம்.

உளுந்து போட்டாலே மண்ணுக்கு உரம் என்ற நம்பிக்கையும் பாதிதான் சரி. பூக்கும் தருவாயில் ஒரு செடியை மண்வெட்டியால் மண்ணோடு பெயர்த்து, நீரில் மெல்ல அலசி, காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துச் சேர்க்கும் வேர்முடிச்சு ஒன்றை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அது வேலை செய்கிறது. வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் இல்லை. நன்றாக வேலை செய்தாலும், சேர்த்த தழைச்சத்தில் பெரும்பகுதி பருப்போடு மூட்டையேறி, பெரும்பாலும் இந்தியாவுக்குக் கப்பலேறிவிடுகிறது. எனவே செடியை வேரோடு பிடுங்காமல் அடியில் அறுங்கள். பருப்பு பிரித்தபின் எஞ்சும் பொட்டு மாட்டுக்குப் போனால், சாணம் அதே வயலுக்குத் திரும்பட்டும்.

குத்தகை நிலத்தில் இவ்வளவு மெனக்கெட மனம் வருமா என்பது நியாயமான கேள்விதான். அத்தகையோர் ஒரு வயலில் மட்டும் எரிக்காமல் விட்டு, மாசியில் அங்கிருந்தும் பக்கத்து வயலிலிருந்தும் உலர்ந்த மண்கட்டி ஒவ்வொன்றை எடுத்து, நீர் நிறைந்த கண்ணாடிக் குவளைகளில் இட்டு, எது முதலில் கரைகிறது என்று பார்க்கலாம்; கரையாமல் நெடுநேரம் நிற்பதே தேறிய மண். முதலாண்டில் வேறுபாடு சிறிதாகவே தெரியும். கரிமச்சத்து ஏறுவதற்குச் சில ஆண்டுகள் பிடிக்கும்.