குடிக்காத ஆளுக்கு எப்படி ஃபேட்டி லிவர் வருது? ஹெச்ஐவி இருந்தா கொஞ்சம் கூடுதலா கவனிக்கணும்

"நான் குடிக்கவே மாட்டேனே தம்பி, எனக்கு எப்படி ஃபேட்டி லிவர்?" மன்னார்குடி பக்கத்து அண்ணன் ஒருத்தரு ஸ்கேன் ரிப்போர்ட்ட நீட்டிக் கேட்டாரு. அவருக்கு ஹெச்ஐவி இருக்கு, பதினாறு வருஷமா அந்த வைரஸ அடக்குற ஏஆர்டி மாத்திரை சாப்பிடுறாரு, ஒரு வேளை விட்டதில்ல, வைரல் லோடு, அதாவது ரத்தத்துல இருக்குற வைரஸ் அளவு, டெஸ்ட்ல தெரியாத அளவுக்குக் கீழ இருக்கு. நான் லேப்ல வேலை பாக்குறவன். பேரு சொல்லாம எழுதலாமான்னு கேட்டேன், தாராளமா எழுதுன்னுட்டாரு.

சம்பா பயிர் ஏன் மூழ்குது? மழை மட்டும் காரணமில்ல, வடிகால்ல ஆகாயத்தாமரையும் காட்டாமணக்கும் அடைச்சுக்கிட்டா சின்ன மழைக்கே வயல்ல தண்ணி நின்னுடும். ஈரலும் அப்படித்தான். உடம்புல இருக்குற கொழுப்பு கரைஞ்சு ரத்தம் வழியா வருது, சாப்பாட்டுக் கொழுப்பு வருது, மிஞ்சுன சோறையும் சக்கரையையும் ஈரலே கொழுப்பா மாத்திக்குது. வடியறதுக்கு ரெண்டே வழி: செல்லுக்குள்ள இருக்குற மைட்டோகாண்ட்ரியா எரிக்கணும், இல்லன்னா புரதத்தோட பொட்டலம் கட்டி ரத்தத்துல அனுப்பணும். வரத்து கூடி வடிகால் அடைச்சா ஈரல் செல்லுல கொழுப்பு தேங்குது, 100 செல்லுல 5-க்கு மேல தேங்குனா அதுதான் ஃபேட்டி லிவர்.

ஹெச்ஐவி இருக்குறவங்களுக்கு சுமார் மூணுல ஒருத்தருக்கு இது இருக்குன்னு ஆய்வுகள் சொல்லுது. அண்ணன் ஆரம்பத்துல சாப்பிட்டது ஸ்டாவுடின்ங்குற பழைய ஏஆர்டி மாத்திரை. 2004-ல அரசு இலவசமா ஏஆர்டி கொடுக்க ஆரம்பிச்சப்ப எத்தனையோ உயிரக் காப்பாத்துன மாத்திரை அது, அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனா வைரஸ் தன்ன நகலெடுக்குறதத் தடுக்குற அதே வேலைய மைட்டோகாண்ட்ரியாவோட டிஎன்ஏவ நகலெடுக்குற நொதிகிட்டயும் காட்டிடுச்சு, எரிக்கிற அடுப்பு குறைஞ்சு போச்சு. அப்ப நிறைய பேருக்கு கன்னம் ஒட்டிப்போய், கை கால் மெலிஞ்சு வயிறு மட்டும் முன்னால வந்துச்சே, ஞாபகம் இருக்கா? தோலுக்கடியில தங்க எடமில்லாத கொழுப்பு வயித்துக்கும் ஈரலுக்கும் போயிடுச்சு. அந்த மாத்திரை இப்ப கிடையாது. இப்ப கொடுக்குற டோலுடெக்ராவிர் ரொம்ப நல்ல மருந்து, ஆனா சிலருக்கு எடை ஏறுது, அதோட மூணு வேளையும் சோறு, நடுவுல சக்கரை போட்ட டீ நாலு தடவைன்னா வரத்து எவ்வளவுன்னு பாத்துக்குங்க.

இன்னொன்னு குடல். வைரஸ் உடம்புக்குள்ள வந்த ஆரம்பத்துலயே குடல் சுவர்ல இருக்குற சிடி4ங்குற நோய் எதிர்ப்பு செல்லத்தான் அதிகமா அழிக்குது, மாத்திரை எடுத்த பிறகும் அந்தக் கரை முழுசா அடைபடறதில்ல. கிருமித் துணுக்குங்க கசிஞ்சு நேரா ஈரலுக்குப் போற ரத்தக்குழாய்ல கலக்குது, அங்க இருக்குற காவல் செல்லுங்க சதா சண்டைக்கு நிக்குது, வீக்கம் வருது, வருஷக்கணக்குல தழும்பு விழுது. கொழுப்பக் கரைச்சுடலாம், தழும்பு முத்தி சிரோசிஸ் ஆயிட்டா மீட்டுக்கொண்டு வர்றது ரொம்ப கஷ்டம், எனக்குப் பயமெல்லாம் அதுலதான்.

"அப்ப மாத்திரைய நிப்பாட்டிட்டு கீழாநெல்லி அரைச்சுக் குடிக்கவா?"ன்னாரு. வேண்டவே வேண்டாம்ணே. நிப்பாட்டுனா வைரஸ் திரும்பி வரும், அதுமட்டுமில்ல, அந்த மாத்திரைல இருக்குற டெனோஃபோவிரும் லாமிவுடினும் ஹெபடைட்டிஸ் பி வைரஸையும் சேத்துத்தான் அடக்கி வைக்குது, அது இருக்குறவங்க திடீர்னு விட்டா ஈரல் மோசமா வீங்கிடும். கீழாநெல்லியோ வேற எந்தப் பொடியோ, ஏஆர்டி சென்டர் டாக்டர்ட்ட சொல்லாம எடுக்காதீங்க. எடைய 7-லேர்ந்து 10 சதவீதம் மெதுவா குறைச்சா கொழுப்போட வீக்கமும் இறங்குது, 70 கிலோ ஆளுக்கு 5 கிலோலேர்ந்து 7 கிலோ. எடை ஏறாதவங்களுக்கும் இது வரும், அவங்களும் வயித்துச் சுத்தளவப் பாக்கணும், ஆம்பளைக்கு 90 செ.மீ., பொம்பளைக்கு 80.

ஈரலுக்காகப் பாக்குற ரத்த டெஸ்ட்டான எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி ரெண்டும் 36, நார்மல்னு லேப் தாள்லயே இருக்குன்னு காட்டுனாரு. நார்மலா இருந்தாலும் உள்ள தழும்பு இருக்கலாம். அதுக்கு ஃபிப்-4னு ஒரு கணக்கு இருக்கு, தனி செலவே இல்ல: வயச எஸ்ஜிஓடியால பெருக்கி, அத ப்ளேட்லெட்டையும் (ரத்தத் தட்டணு எண்ணிக்கை) எஸ்ஜிபிடியோட வர்க்கமூலத்தையும் பெருக்குனதால வகுக்கணும். அவருக்கு வயசு 52, ப்ளேட்லெட் 2 லட்சம், அத ஆயிரத்துல 200னு எடுத்துக்கணும். அந்தத் தாளோட பின்பக்கத்துலயே போட்டுக் காட்டுனேன்: 1872-ஐ 1200-ஆல வகுத்தா 1.56. 1.3-க்குக் கீழ வந்தா பெருசா கவலையில்ல, மேல வந்தா தழும்பு இருக்குன்னு அர்த்தமில்ல, ஆனா ஃபைப்ரோஸ்கேன்ல ஈரல் எவ்வளவு இறுகியிருக்குன்னு பாத்துடணும். விலா மேல வச்சு எடுக்குறது, வலிக்காது, ஊசி கிடையாது. 1.56-ஐ வட்டம் போட்டுக் குடுத்தேன், அடுத்த தடவை மாத்திரை வாங்கப் போறப்ப டாக்டர்ட்ட காட்டுறேன்னு மடிச்சு சட்டைப் பையில வச்சுக்கிட்டாரு.