முதுகெலும்பு வளைவு: கைச்சிகிச்சையால் எதைச் சரிசெய்ய முடியும்?

பள்ளி உடல்நலப் பரிசோதனைக்குப் பின் வந்த கடிதத்தோடு மகளை அழைத்து வரும் பெற்றோர், அவளைக் குனியச் சொல்லி, வலப்பக்க விலாவில் எழும்பி நிற்கும் மேட்டைக் காட்டி, "இந்தச் சதைக்கட்டை உருவிக் கரைத்துவிட முடியாதா?" என்று கேட்பதுண்டு. அது சதைக்கட்டே அல்ல. ஸ்கோலியோசிஸ் என்னும் இக்குறைபாட்டில் முதுகெலும்பு பக்கவாட்டில் வளைவதோடு தன் அச்சிலும் முறுக்கிக்கொள்கிறது. அந்த முறுக்கில் விலா எலும்புகள் பின்னோக்கித் தள்ளப்படுவதால்தான் மேடு தெரிகிறது. இடுப்புக்கு மேலே சிலருக்குக் கயிறாகப் புடைத்திருக்கும் தசையும் அடியிலிருந்து எலும்பு தள்ளி நிற்பதே. எவ்வளவு எண்ணெய் விட்டுத் தேய்த்தாலும் அது அமுங்காது.

இயன்முறைச் சிகிச்சையாளரான நான் என் தொழிலையே குறைத்துப் பேசுவதாக எண்ண வேண்டாம். வளைவோடு வாழும் பெரியவர்களுக்கு இறுகிய தசைகளைக் கையால் தளர்த்தும்போது, வலியும் விறைப்பும் சில நாள்களுக்காவது தணிவதை அன்றாடம் பார்க்கிறேன். ஆயினும் கைச்சிகிச்சை மட்டுமே வளைவை நிலையாகக் குறைக்கும் என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை. சில அமர்வுகளிலேயே மூன்று, நான்கு பாகை குறைந்ததாக எக்ஸ்ரே படங்களைக் காட்டுவோரும் உண்டு. வளைவை அளக்கும் காப் கோணத்தில் ஏறக்குறைய 5 பாகை வரை அளவீட்டுப் பிழையே வரலாம் என்பதால், அந்தக் குறைவை முன்னேற்றமாகக் கொள்ள இயலாது.

கைச்சிகிச்சையை மட்டும் நம்பியிருந்தால், வளரும் பிள்ளைகளுக்கு உண்மையான இழப்பு பணமன்று, காலம். வளைவு 10 பாகையோ அதற்கு மேலோ இருந்தால்தான் ஸ்கோலியோசிஸ் என்கிறோம். வளர்ச்சி முடியாத பிள்ளைக்கு 25 முதல் 40 பாகை வரை இருந்தால், வளைவு கூடாமல் உடலைத் தாங்கிப் பிடிக்கும் கவசமான பிரேஸ் அணிவிப்பதே வழக்கம். 2013இல் வெளிவந்த ஓர் அமெரிக்க, கனடிய ஆய்வில், பிரேஸ் அணிந்தோரில் 72 விழுக்காட்டினருக்கும், கண்காணிப்பில் மட்டும் இருந்தோரில் 48 விழுக்காட்டினருக்கும் வளர்ச்சி முடியும்வரை வளைவு 50 பாகையை எட்டவில்லை. அணிந்த மணிநேரம் கூடக்கூடப் பலனும் கூடியது. நம் ஊர்ப் புழுக்கத்தில் பள்ளிச் சீருடைக்குள் அதை அணிந்திருப்பது லேசான காரியமன்று; உள்ளே தையல் உறுத்தாத பருத்திப் பனியன் போட்டு, வியர்த்ததும் மாற்றிக்கொள்ளச் சொல்கிறேன். ஜெர்மனியில் கத்தரினா ஷ்ரோத் உருவாக்கிய மூச்சுப் பயிற்சி முறை போன்றவற்றை இதனுடன் சேர்த்துச் செய்யலாம். (புத்தகப்பையைக் குறை சொல்லாதீர்கள், பதின்ம வயதில் தோன்றும் பெரும்பாலான வளைவுகளுக்குக் காரணம் இன்னும் தெரியவில்லை, பை அதற்குக் காரணமன்று.)

ஆகவே, பல அமர்வுகளுக்குச் சேர்த்துத் தொகுப்புக் கட்டணம் கட்டச் சொல்லும் எவரிடமும், பிள்ளையின் காப் கோணம் எவ்வளவு, எலும்பு வளர்ச்சி இன்னும் எவ்வளவு மீதமிருக்கிறது என்று முதலில் கேளுங்கள். இயன்முறைச் சிகிச்சையாளர் என்று சொல்பவர் சிங்கப்பூரில் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். கால் மரத்துப்போதல், நடையில் தடுமாற்றம், தூக்கத்தைக் கலைக்கும் இரவு வலி ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும், யாரையும் முதுகில் கைவைக்க விடாமல் நேரே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.