சுவரில் சான்றிதழ் இருக்கிறது, மருந்தாளுநர் எங்கே?

போன ஜூன் மாதம், ஒரு மத்தியான நேரம். எங்கள் ஆஸ்பத்திரி மருந்தகத்துக் கவுன்டருக்கு ஒரு அப்பாவும் மகளும் வந்தார்கள். முசிறிப் பக்கத்துக்காரர்கள். கையில் மருந்துச் சீட்டு இல்லை, ஒரு பிளாஸ்டிக் ஃபைல்தான் இருந்தது. மகள் டி.ஃபார்ம், அதாவது மருந்தாளுநருக்கான இரண்டு வருட டிப்ளமோ, இரண்டாம் ஆண்டுப் பரீட்சை எழுதி முடித்திருந்தாள். எங்களிடம் பயிற்சி எடுத்ததாக நான் கையெழுத்துப் போட்டு சீல் வைத்துத் தர வேண்டும்.

"காலேஜ்லயே சொல்லிட்டாங்க சார், தெரிஞ்ச எடத்துல ஒரு கையெழுத்து வாங்கிட்டு வந்தா போதும்னு" என்றார் அப்பா. அவர் முகத்தில் தப்புச் செய்கிற தயக்கம் எதுவும் இல்லை. அவரைப் பொறுத்தவரை அது ரேஷன் கடையில் கையெழுத்துப் போடுவது மாதிரி ஒரு வேலை.

டி.ஃபார்ம் படித்தவர் மருந்தாளுநராகப் பதிவு செய்ய வேண்டுமானால் 500 மணி நேரப் பயிற்சி முடித்திருக்க வேண்டும். மூன்று மாதத்துக்குக் குறையக் கூடாது. அதில் 250 மணி நேரமாவது மருந்துச் சீட்டைக் கையில் வாங்கி, படித்து, மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலையில் கழிந்திருக்க வேண்டும். இது விதி. அந்தப் பெண்ணிடம் எங்கள் அலமாரியில் இருந்த பழைய சீட்டு ஒன்றை நீட்டி, "இதப் படிம்மா" என்றேன். திணறினாள். இரண்டு வருடத்தில் ஒரு நிஜச் சீட்டைக்கூட அவள் தொட்டுப் பார்த்ததில்லை. ஆஸ்பிரினின் வேதி வடிவத்தை வரையச் சொன்னால் வரைந்துவிடுவாள். சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று கேட்டால் அப்பாவைப் பார்க்கிறாள்.

கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வரச் சொன்னேன்.

நான் 1998-ல் டி.ஃபார்ம் முடித்து, பிறகு பி.ஃபார்ம் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர்ந்து படித்தவன். அப்போது என் சான்றிதழைக் காட்டினால் மறுநாளே வேலை கிடைத்தது. இன்று எங்களிடம் ஒரு இடம் காலியாகிறது என்று வாட்ஸ்அப்பில் தகவல் போட்டால், அன்று சாயங்காலத்துக்குள் விண்ணப்பங்கள் வந்து குவிகின்றன. அவற்றில் ஃபார்ம்.டி முடித்தவர்களும் இருக்கிறார்கள். ஆறு வருடப் படிப்பு, கடைசி வருடம் முழுக்க ஆஸ்பத்திரி வார்டில். அவர்கள் கேட்கிற சம்பளத்தைச் சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். 15,000 கிடைத்தால் போதும் என்கிறார்கள்.

இப்படி ஆனதற்கு ஒரு வரலாறு உண்டு. இந்தியாவில் ஃபார்மசி படிப்புகளை அங்கீகரிப்பது இந்திய ஃபார்மசி கவுன்சில். 1948-ஆம் ஆண்டு ஃபார்மசி சட்டம் அந்த அதிகாரத்தைக் கொடுக்கிறது. சட்டத்தின் 12-ஆவது பிரிவின் கீழ் அங்கீகாரம் பெற்ற படிப்பை முடித்தால்தான் மாநிலப் பதிவேட்டில் மருந்தாளுநராகப் பெயர் ஏறும். கல்லூரிகள் காளான் மாதிரி முளைக்கின்றன என்று கவுன்சிலே கவலைப்பட்டு, 2019 ஜூலையில் ஒரு தீர்மானம் போட்டது. 2020-21 கல்வியாண்டு தொடங்கி ஐந்து வருடங்களுக்குப் புதிய ஃபார்மசி கல்லூரி கிடையாது. அரசு நிறுவனங்களுக்கும், வடகிழக்கு மாநிலங்களுக்கும், டி.ஃபார்ம், பி.ஃபார்ம் கல்லூரிகள் சேர்த்து 50-க்குக் குறைவாக இருக்கும் மாநிலங்களுக்கும் விலக்கு உண்டு.

கேட்கும்போது நல்ல முடிவாகத்தான் தெரிந்தது. நானும் அன்று சந்தோஷப்பட்டேன். ஆனால் அதே தீர்மானத்தில் இன்னொரு கதவு திறந்தே இருந்தது. ஏற்கெனவே இருக்கும் கல்லூரிகள் இடங்களைக் கூட்டிக்கொள்ளலாம், கூடுதல் படிப்புகளைத் தொடங்கலாம். அதாவது பட்டதாரிகள் பெருகிவிட்டார்கள் என்ற காரணத்துக்காகப் போட்ட தடை, பட்டதாரிகள் பெருகுவதை நிறுத்தவில்லை. கதவைத் தட்டிய புதியவர்களை மட்டும் நிறுத்தியது.

அவர்கள் நீதிமன்றம் போனார்கள். உயர் நீதிமன்றங்கள் தடையை ரத்து செய்தன. 2022 செப்டம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. கல்வி நிறுவனம் தொடங்குவது அரசியலமைப்பின் 19(1)(ஜி) பிரிவில் வரும் அடிப்படை உரிமை. அதைச் சட்டத்தின் வழியாகத்தான் கட்டுப்படுத்த முடியும், ஒரு நிர்வாகத் தீர்மானத்தால் முடியாது என்பதுதான் தீர்ப்பின் சாரம். அந்தத் தீர்ப்பைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. முறையான ஒழுங்குவிதி கொண்டுவந்திருக்க வேண்டிய இடத்தில் கவுன்சில் ஒரு தீர்மானத்தோடு நின்றுவிட்டது. தடை விலகியதும் புதிய விண்ணப்பங்கள் குவிந்தன. பொறியியல் கல்லூரிகளில் இடங்கள் காலியாகக் கிடப்பதைப் பார்த்த அறக்கட்டளைகளுக்கு ஃபார்மசி பாதுகாப்பான முதலீடாகத் தெரிந்தது. நீட் வேண்டாம், பிளஸ் டூ மார்க் போதும். கொரோனாவுக்குப் பிறகு மருத்துவத் துறை என்றாலே பெற்றோர்களுக்கும் ஒரு ஈர்ப்பு.

அமெரிக்காவிலும் இதே கதை நடந்தது. 2000-ஆம் ஆண்டு வாக்கில் சுமார் 80 ஃபார்மசி கல்லூரிகள் இருந்தன. இருபது வருடங்களில் அது 140-ஐ ஒட்டி வந்துவிட்டது. தரத்தைப் பார்ப்பதுதான் எங்கள் வேலை, எத்தனை கல்லூரி வேண்டும் என்று முடிவு செய்வது இல்லை என்றது அங்குள்ள அங்கீகார அமைப்பு. கடைசியில் மாணவர்களே விண்ணப்பிப்பதைக் குறைத்துக்கொண்டார்கள். நம் ஊரில் அப்படி நடக்க நாளாகும். இங்கே ஒரு பட்டம் வீட்டின் கௌரவம்.

சரி, தரத்தை எப்படிப் பார்க்கிறார்கள்? சில வருடங்களுக்கு முன் எனக்கு ஒரு போன் வந்தது. புதிதாகத் தொடங்கிய ஒரு கல்லூரி. பெயர் வேண்டாம். "சார், வர்ற வியாழக்கிழமை இன்ஸ்பெக்ஷன். ஒரு நாள் வந்து உக்காந்துட்டுப் போங்க. உங்க சர்ட்டிஃபிகேட் ஒரிஜினலையும் எடுத்துட்டு வாங்க. வண்டி அனுப்புறோம்." அந்த ஒரு நாளைக்கு அவர்கள் பேசிய தொகை என் பத்து நாள் சம்பளத்துக்கு மேல். ஆய்வுக்கு வருகிறவர்கள் முன்னால் நான் அந்தக் கல்லூரி ஆசிரியராகக் கணக்கில் வர வேண்டும், அவ்வளவுதான். நான் போகவில்லை. என்னோடு படித்த நண்பர் போனார். சாயங்காலம் அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. ஆய்வகத்தில் வாஷ் பேசின் இருந்ததாம், குழாய் இருந்ததாம், கீழே பைப் இணைப்பு இல்லையாம். மாத்திரை செய்யும் இயந்திரத்தில் கம்பெனி ஒட்டிய பிளாஸ்டிக் தாள்கூடப் பிரிக்கப்படவில்லையாம். நூலகப் புத்தகங்களில் முத்திரை மை கையில் ஒட்டியதாம்.

எல்லாக் கல்லூரியும் இப்படி என்று நான் சொல்ல மாட்டேன். நல்ல ஆசிரியர்கள் உயிரைக் கொடுத்து நடத்தும் தனியார் கல்லூரிகளை எனக்குத் தெரியும். அங்கிருந்து வரும் பிள்ளைகள் முதல் வாரத்திலேயே தனியாகத் தெரிவார்கள். ஆனால் சதுர அடியையும் பட்டியலையும் எண்ணிப் பார்க்கும் ஆய்வில் இந்த இரண்டு வகைக் கல்லூரிக்கும் வித்தியாசம் தெரியாது. இரண்டும் ஒரே தாளில் ஒரே மாதிரி பாஸ் ஆகும்.

அப்புறம், படித்து வருகிறவர்கள் எங்கே போகிறார்கள்? கொஞ்சம் பேர் மருந்துக் கம்பெனிகளுக்கு, ஹைதராபாத், புதுச்சேரி என்று. கொஞ்சம் பேர் மெடிக்கல் ரெப். அரசு வேலை அறிவிப்பு எப்போதாவது வரும்; 2022-ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 889 மருந்தாளுநர் இடங்களுக்கு அறிவித்தபோது எனக்குத் தெரிந்த பாதிப் பேர் விண்ணப்பித்தார்கள். 2025 பிப்ரவரியில் தமிழக அரசு 1,000 முதல்வர் மருந்தகங்களைத் திறந்தது. பி.ஃபார்ம், டி.ஃபார்ம் படித்தவர்கள் மானியத்தோடு சொந்தமாக நடத்தலாம் என்பது நல்ல வழி. ஆனாலும் மிகப் பெரிய கூட்டம் ஒன்று சென்னைக்கும் கோவைக்கும் மெடிக்கல் கோடிங் வேலைக்குப் போகிறது. அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் இன்சூரன்ஸ் பில்லுக்கு நோயின் எண்ணையும் சிகிச்சையின் எண்ணையும் போடும் வேலை. மரியாதையான வேலைதான், சம்பளமும் கவுன்டரை விட அதிகம். ஆனால் மருந்தைப் படித்தவர் மருந்தைத் தொடுவதில்லை. அவருடைய சான்றிதழ் மட்டும் ஊரில் ஒரு மெடிக்கல் ஷாப் சுவரில் ஃபிரேம் போட்டுத் தொங்குகிறது. மாதம் சில ஆயிரம் வாடகை.

இந்த வாடகைப் பழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஒரு சம்பவம். ஐம்பத்தைந்து வயது இருக்கும், ஒரு அம்மா எங்கள் கவுன்டருக்கு வந்தார். "வாய்ப்புண்ணுக்கு ஏதாவது ஜெல் குடுங்க தம்பி. சோறு எறங்க மாட்டேங்குது." வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். மூட்டுவாதத்துக்கு என்று பையிலிருந்து ஒரு ஸ்ட்ரிப்பை எடுத்தார். மெத்தோட்ரெக்சேட் 7.5 மில்லிகிராம். வாரத்துக்கு ஒரே ஒரு நாள் சாப்பிட வேண்டிய மருந்து. டாக்டர் சீட்டில் ஆங்கிலத்தில் சரியாகவே எழுதியிருந்தார். கடையில் மருந்து கொடுத்த பையன் கவரின் மேல் பேனாவால் 'காலை 1' என்று எழுதிக் கொடுத்திருந்தான். அந்த அம்மா ஒன்பது நாள் விடாமல் தினமும் சாப்பிட்டிருக்கிறார். வாய்ப்புண் அந்த மருந்து உடம்பில் விஷமாகிக்கொண்டிருப்பதன் அடையாளம். உடனே மேலே டாக்டரிடம் அழைத்துப் போனேன். ரத்தப் பரிசோதனையில் வெள்ளை அணுக்கள் இறங்கியிருந்தன. அட்மிஷன் போட்டு, அந்த மருந்தின் விஷத்தை முறிக்கும் ஊசி போட்டு, நல்லபடியாக வீட்டுக்கு அனுப்பினோம். இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்க இன்றும் எனக்குக் கை நடுங்குகிறது.

அந்தக் கடையின் சுவரில் தொங்கும் சான்றிதழ் யாருடையது என்று எனக்குத் தெரியும். என்னிடம் பயிற்சிக்கு வந்த பையன். பி.ஃபார்ம், கெட்டிக்காரன். சென்னையில் கோடிங் செய்கிறான். அவன் கவுன்டரில் நின்றிருந்தால் அந்தக் கவரில் கிழமையை எழுதி, கீழே இரண்டு கோடு போட்டிருப்பான். போன் செய்து சொன்னேன். வெகுநேரம் பேசவே இல்லை. பிறகு, "அங்க நின்னப்ப மாசம் 9,000 குடுத்தாங்க சார்" என்றான்.

அந்த 9,000 என்ற எண்ணில்தான் என் கவலை முழுவதும் இருக்கிறது. டாக்டர் எழுதிய சீட்டுக்குப் பதிவு பெற்ற மருந்தாளுநர்தான் மருந்து கொடுக்க வேண்டும் என்கிறது ஃபார்மசி சட்டத்தின் 42-ஆவது பிரிவு. 2015-ல் வந்த ஃபார்மசி நடைமுறை விதிகள் நோயாளிக்கு மருந்தை விளக்கிச் சொல்வதையும் மருந்தாளுநரின் கடமையாகச் சொல்கின்றன. அப்படியிருக்க, ஒரு கடைக்காரருக்குச் சான்றிதழ் வாடகைக்குத் தரப் பத்துப் பேர் வரிசையில் நின்றால், முழுச் சம்பளம் கொடுத்து ஆளை ஏன் வைப்பார்? ஆள் வைக்காததால் வேலை இல்லை, வேலை இல்லாததால் சான்றிதழ் வாடகைக்கு வருகிறது. பட்டதாரிகள் பெருகிவிட்டார்கள் என்று ஒரு பக்கம் சொல்கிறோம். கவுன்டரில் மருந்தாளுநர் இல்லை என்று மறுபக்கம் சொல்கிறோம். இரண்டும் ஒரே நோய். அதனால் புதுக் கல்லூரிகளை நிறுத்தினால் மட்டும் இது தீராது. நாளைக்கே எல்லாப் புதுக் கல்லூரியையும் மூடினாலும் அந்த அம்மாவின் கவரில் கிழமை எழுத ஆள் வந்துவிட மாட்டார்.

கவுன்சில் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. அங்கீகாரத்தைக் கட்டடத்தோடு கட்டாமல், அந்த 500 மணி நேரத்தோடு கட்டலாம். எந்த மாணவர் எந்த மருந்தகத்தில் எந்த நாளில் நின்றார் என்று முன்னறிவிப்பில்லாமல் போய்ப் பார்க்கலாம். டி.ஃபார்ம் முடித்தவர்களுக்குப் பதிவுக்கு முன் ஒரு வெளியேறும் தேர்வு என்று 2022-ல் விதி வந்தது. நல்ல யோசனை. பி.ஃபார்முக்கும் அது வேண்டும் என்பது என் கருத்து. ஒரு மருந்தாளுநர் மாதச் சம்பளம் வங்கிக் கணக்கில் வாங்குகிறாரா என்று கடை உரிமத்தைத் தொடர்ந்து வைத்திருக்கக் கட்டணம் கட்டும்போது பார்த்தாலே வாடகைச் சான்றிதழ் பாதி ஒழிந்துவிடும்.

பெற்றோர்களிடம் நான் கேட்டுக்கொள்வது, பணம் கட்டும் முன் கவுன்சிலின் இணையதளத்தில் அந்தக் கல்லூரி, அந்தப் படிப்பு, அந்தக் கல்வியாண்டு மூன்றுக்கும் அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றும் தனித்தனி. பி.ஃபார்முக்கு இருப்பது ஃபார்ம்.டி-க்கும் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். ஃபார்ம்.டி நடத்த 300 படுக்கை ஆஸ்பத்திரியோடு தொடர்பு வேண்டும். அந்த ஆஸ்பத்திரியின் பெயரைக் கேளுங்கள். பிறகு நேராக அங்கே போய், வார்டில் இருக்கும் நர்ஸிடம் இந்தக் கல்லூரிப் பிள்ளைகள் வாரத்தில் எத்தனை நாள் வருகிறார்கள் என்று விசாரியுங்கள். கல்லூரி அலுவலகத்தில் கிடைக்காத பதில் அங்கே கிடைக்கும். ஆய்வகத்துக்குள் போனால் குழாயைத் திறந்து பாருங்கள்.

முசிறிப் பெண் அந்தத் திங்கட்கிழமை வந்தாள். எட்டு மணிக்கு வரச் சொன்னேன், ஏழே முக்காலுக்கு வந்து வாசலில் நின்றாள். தினமும் போக வர பஸ்ஸிலேயே மூன்று மணி நேரத்துக்கு மேல். மூன்று மாதம் முடிந்து கையெழுத்துப் போட்ட அன்று அவளுடைய குறிப்பு நோட்டை வாங்கிப் பார்த்தேன். வாரம் ஒருமுறை சாப்பிட வேண்டிய மாத்திரைகளுக்கு ஒரு தனிப் பக்கம் ஒதுக்கி, சிவப்பு மையில் எழுதி வைத்திருந்தாள். இப்போது வேலை தேடிக்கொண்டிருக்கிறாள். துறையூரில் ஒரு கடையில் கேட்டார்களாம், சான்றிதழ் மட்டும் தர முடியுமா என்று. நின்று வேலை பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள். இன்னும் பதில் வரவில்லை.